கார்டிஃபிலிருந்து அக்காவுக்கு

கார்டிஃப், வேல்ஸ்
மார்ச் 9

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் சுகம். மாமாவின் முட்டிவலி குறைந்ததா? உலகக் குடிமக்கள் கல்வி என்று இந்த ஊர்ப் பள்ளிகளில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் எட்டாம் வகுப்புக்கு உதவட்டும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

வேல்ஸில் 2022 செப்டம்பரில் புதிய பாடத்திட்டம் வந்தது. அதன் நாலு நோக்கங்களில் ஒன்று, பிள்ளைகள் வேல்ஸுக்கும் உலகத்துக்கும் நேர்மையான, விவரம் தெரிந்த குடிமக்களாக வளர்வது. அதனால் இதற்கென்று தனிப் பாடவேளை வேண்டியதில்லை. புவியியலிலும் வரும், கணக்கிலும் வரும்.

கணக்கில் வருவதற்கு நல்ல உதாரணம் வாழைப்பழ விளையாட்டு. வகுப்பை ஐந்து குழுவாகப் பிரிப்பார்கள்: தோட்டத் தொழிலாளி, தோட்ட முதலாளி, கப்பல்காரர், இறக்குமதி செய்து பழுக்க வைப்பவர், கடைக்காரர். ஒரு பழம் 30 பென்ஸ். அதில் தங்கள் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொரு குழுவும் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு முன் அவரவர் வேலையும் செலவும் எழுதிய துண்டுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். தொழிலாளி சீட்டில் தார் சுமப்பதும் பூச்சிமருந்தும் இருக்கும். கப்பல்காரர் சீட்டில் காயை 13, 14 டிகிரியிலேயே வைத்திருக்கும் செலவு இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் தோல் கறுத்துவிடும். சீட்டு கொடுக்காமல் ஆரம்பித்தால் உரக்கக் கத்துகிற குழுதான் ஜெயிக்கும்.

ஐந்து பங்கையும் பலகையில் கூட்டினால் பெரும்பாலும் 30ஐத் தாண்டிவிடும். பேரம் பேசி 30க்குள் கொண்டுவந்த பிறகுதான் விடையைத் திறப்பார்கள்: கடைக்கு 13, இறக்குமதிக்காரருக்கு 7, முதலாளிக்கு 5, கப்பலுக்கு 4, தொழிலாளிக்கு 1. இது விளையாட்டுக்கென்று வைத்த பழைய கணக்கு, இன்றைய சந்தை விலை அல்ல என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

வழக்கமாகக் கெடுவது இதற்கப்புறம்தான். "ஐயோ பாவம்" என்று உண்டியல் எடுத்துக் காசு சேர்ப்பார்கள், அத்தோடு முடிந்துபோகும். இரக்கம் தப்பில்லை அக்கா, ஆனால் அந்த 1 பென்ஸ் அப்படியேதான் இருக்கும். "இந்தப் பங்கை யார் முடிவு செய்தார்கள்?" என்று ஆசிரியர் கேட்டால் பேச்சு நியாய வணிகத்துக்கு, அதாவது விளைவிப்பவருக்கு நியாயமான விலை தரும் ஃபேர்டிரேட் முறைக்குத் திரும்பும். ஃபேர்டிரேட் முத்திரை பெற்ற விளைபொருள்களில் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தபட்ச விலை உண்டு. அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகையும் வரும். கோகோவுக்கு 2019இல் அதை டன்னுக்கு 240 டாலராக உயர்த்தினார்கள். அதை எதற்குச் செலவழிப்பது என்று விவசாயிகளின் கூட்டுறவே முடிவு செய்கிறது. 2008இல் வேல்ஸ் உலகின் முதல் நியாய வணிக நாடாக அறிவிக்கப்பட்டதில் பள்ளிகளுக்கும் பங்குண்டு.

அடுத்தது, பிள்ளைகள் மக்கள் பிரதிநிதிகளுக்குக் கடிதம் எழுதுவது. வெளிநாட்டு உதவி, வணிகம் என்றால் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் உறுப்பினருக்கு; பள்ளிச் சாப்பாடு, பாடத்திட்டம் என்றால் இங்குள்ள செனட் (வேல்ஸின் நாடாளுமன்றம்) உறுப்பினருக்கு. ஆள் மாறினால் "என் பொறுப்பில் இல்லை" என்று இரண்டு வரியில் பதில் வரும். தன் தொகுதி ஆள்தானா என்று முதலில் பார்ப்பார்கள், அதனால் அஞ்சல் குறியீட்டோடு பள்ளி முகவரி இருக்க வேண்டும். பிள்ளைகளின் வீட்டு முகவரி வேண்டாம். ஒரு கடிதத்தில் ஒரே கோரிக்கை. முப்பது பேரும் ஒரே வாசகத்தை நகல் எடுத்தால் பதிலும் அச்சடித்ததாகத்தான் வரும்.

செனட்டுக்கு மனுப் போட்டால் 250 கையெழுத்தில் மனுக்குழு எடுத்துப் பார்க்கும், 10,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கும். 16 வயதிலேயே செனட் தேர்தலில் ஓட்டு இருப்பதால், பெரிய வகுப்புப் பிள்ளைகளின் கடிதத்துக்குத் தனி கனம் உண்டு.

இதெல்லாம் நேற்று முளைத்ததும் இல்லை. 1922 முதல் வருடந்தோறும் வேல்ஸ் பிள்ளைகள் உலகப் பிள்ளைகளுக்குச் சமாதான, நல்லெண்ணச் செய்தி அனுப்புகிறார்கள். முதல் செய்தி போனது மோர்ஸ் தந்தியில்.

உங்கள் வகுப்பில் வாழைப்பழத்துக்குப் பதில் நீலகிரித் தேயிலையை வையுங்கள்: பச்சை இலை பறிப்பவர், சிறு விவசாயி, தொழிற்சாலை, ஏல வியாபாரி, பாக்கெட் போடும் கம்பெனி. பச்சை இலை நாலு கிலோவுக்கு மேல் போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும், அதைச் சீட்டில் மறக்காமல் எழுதுங்கள். அன்றைய இலை விலையைக் கோத்தகிரிப் பக்கம் யாரிடமாவது போனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பேரம் முடியும்வரை பிள்ளைகளிடம் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி