வெள்ளைப் படிவும் ஒரு வெள்ளை அறிவிப்பும்

எங்கள் பகுதியின் குடிநீர் விநியோகத்துக்குப் பொறுப்பேற்றுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூணில் தாங்கள் ஒட்டச் செய்திருக்கும் அறிவிப்பைத் தெருவாசிகள் அனைவரும் படித்தோம். குழாயிலும் பாத்திரத்திலும் படியும் வெள்ளைப் படிவுக்கு, பொதுமக்கள் தங்கள் வீட்டுத் தொட்டிகளை முறையாகக் கழுவாததே காரணம் என்றும், விநியோகிக்கப்படும் நீர் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது என்றும் அதில் கண்டிருக்கிறது.

தொட்டியைக் கழுவ வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் படிவது தொட்டியின் அழுக்கு அன்று. மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர், பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பைகார்பனேட்டுகளாகத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது; அந்த நீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்து நாங்கள் சூடாக்கும்போது வாயு வெளியேறிவிட, கரையாத கால்சியம் கார்பனேட் கீசர் கம்பியிலும் இட்லிக் குண்டானின் அடியிலும் ஓடாக ஒட்டிக்கொள்கிறது. கரைந்திருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது, வடிகட்டித் துணியிலும் நிற்காது. ஐயமிருந்தால் அந்த ஓட்டின்மேல் ஒரு மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள், நுரைத்துக்கொண்டு கரையும். வெறும் அழுக்கு அப்படி நுரைப்பதில்லை.

எங்கள் தெருவில் ஓர் அம்மையார், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வேலூருக்குச் சிகிச்சைக்கு வந்து விடுதிகளில் தங்கியிருப்போருக்குச் சமைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார். நோயாளிகள் பெரும்பாலும் கேட்பது சோறும் குழையக் குழைய வெந்த பருப்பும்தான். போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீர், வரும் நாட்களில் அந்தப் பருப்பு வேகுவதில்லை. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுவதால், குக்கர் எத்தனை விசில் கொடுத்தாலும் பருப்பு விதை விதையாகவே நிற்கிறது. சோடா உப்பு போட்டால் குழையும். ஆனால் ருசி கெடும், தயமின் என்னும் உயிர்ச்சத்தும் அழியும் என்பதால் நோயாளிக்கு அப்படிச் சமைக்க அவருக்கு மனம் வருவதில்லை. ஆகவே, குடிநீர்க் கட்டணம் செலுத்தும் அவர், பருப்பு வேக வைப்பதற்கென்றே 20 லிட்டர் கேன் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார். காவிரித் தண்ணீர் வரும் நாளில் இந்தத் தொல்லை இல்லை. எந்த நாளில் எது வரும் என்பதோ, இரண்டும் கலந்து வரும்போது எந்த விகிதத்தில் வரும் என்பதோ குழாயைத் திறக்கும்வரை அவருக்குத் தெரியாது, தங்களுக்குத் தெரியும். அதை எழுதி வையுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இனி, அந்த 'அனுமதிக்கப்பட்ட அளவு'. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 : 2012 தரநிலைப்படி, குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. 600 என்ற உச்ச வரம்பு, வேறு நீராதாரமே இல்லாத இடத்துக்குச் சொல்லப்பட்டது. மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாய் வழியே வந்து சேரும் ஊரில், தாங்கள் எந்த வரம்பை மனத்தில் வைத்து அறிவிப்பை எழுதினீர்கள் என்று பணிவுடன் கேட்கிறோம். இந்த நீரைக் குடித்தால் ஆபத்து என்று பீதி கிளப்புவது எங்கள் நோக்கமில்லை. கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் வரம்பு எதையும் விதிக்கவில்லை என்பதையும் அறிவோம். எரிவாயுவும் சோப்பும் கேன் தண்ணீரும் யார் வீட்டுக் காசில் வருகின்றன என்பதுதான் கேள்வி.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981இல் திரும்பிவிட்டார். பாலாற்றுக்குத்தான் நீர் திரும்பவில்லை, மணலும் போயிற்று. அதில் கலக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தும், 2025இல் அதே நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. ஆற்றுக்கே இந்தக் கதி என்றால், கீசர் கம்பியில் படியும் சுண்ணாம்பைப் பற்றி மடல் எழுதுவது பேராசை என்று தங்களுக்குத் தோன்றலாம். தொட்டி கழுவும் முறையை எங்களுக்குக் கற்பிக்க அச்சடித்த செலவில், நீரின் அளவுகளையே அச்சடித்திருக்கலாமே என்று எங்களுக்கும் தோன்றுகிறது.

கடுமை மிகுந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். காவிரி நீர் நாள்தோறும் வேண்டும் என்றோ, புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தாருங்கள் என்றோ நாங்கள் கேட்கவில்லை. தொட்டியில் ஏற்றப்படும் நீரின் மொத்தக் கடினத்தன்மை, கரைந்துள்ள மொத்த உப்பின் அளவு, மாதிரி எடுத்த தேதி ஆகியவற்றை மாதந்தோறும், அன்றன்று வருவது காவிரியா, போரா, கலப்பா என்பதை நாள்தோறும், அனைவரும் படிக்கும்படி தொட்டியடியில் எழுதி வைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். அளவுகள் ஏற்கெனவே கைவசம் இருக்குமாயின், அடுத்த மாதம்வரை காத்திருக்காமல் இந்த வாரமே எழுதிவிடலாம். எழுத இயலாதெனில், அதன் காரணத்தைக் கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தெருவாசிகள் சார்பில் ஒரு குடிநீர் இணைப்புதாரர்