உன் மூன்று கட்டுரைகளைப் படித்தேன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று கட்டுரைகளையும் இரண்டு முறை படித்துவிட்டேன். மனநல ஆலோசனை நிலையம் தொடங்கி ஆறு மாதமாகியும் வருவோர் குறைவாக இருப்பதால், விளம்பரத்துக்குச் செலவழிப்பதைவிட எழுதி அறிமுகமாகலாம் என்று நீ முடிவெடுத்தது சரியென்றே நினைக்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இவரிடம் சொல்லலாமா என்ற தயக்கத்தோடு தேடுகிற ஒருவர், உன் எழுத்தைப் பல நாட்கள் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்த பிறகே தொலைபேசியை எடுப்பார். இருபது ஆண்டுகள் ஒரு பத்திரிகையின் மருத்துவப் பக்கங்களைத் திருத்தியவள் என்பதால், தாய் என்ற சலுகையை ஒதுக்கிவைத்துவிட்டே இதை எழுதுகிறேன்.

மன அழுத்தம் பற்றிய முதல் கட்டுரை வரையறையில் தொடங்கி, வகைகளைச் சொல்லி, அறிகுறிகளை அடுக்கி முடிகிறது. இதில் பிழை இல்லை. ஆனால் நீ எழுதியதற்கான அடையாளமும் இல்லை. ஒவ்வொரு வாரமும் விடுமுறை நாளின் மாலையில், மறுநாள் வேலையை நினைத்து வயிறு பிசைகிற மனிதர் 'மன அழுத்தத்தின் வகைகள்' என்று தேடமாட்டார். தனக்கு நேர்வதைத் தன் சொற்களிலேயே தேடுவார். முதல் முறை தொலைபேசியில் அழைப்பவர்கள் உன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவை. வீட்டில் தெரியாமல் வரலாமா, எத்தனை முறை வரவேண்டியிருக்கும், மாத்திரை கொடுப்பீர்களா, பேச்சு வராமல் அழுதுவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் கேட்பது ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குத் தலைப்பு.

திடீர்ப் பீதி பற்றிய இரண்டாவது கட்டுரை நன்றாக வந்திருக்கிறது. அந்தத் தாக்கம் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டிப் பின் தணியத் தொடங்கும் என்று நீ எழுதிய இடத்தில், படிப்பவருக்கு மூச்சு சீராகும். ஆனால் முதன்முறையாக நெஞ்சுவலி வருபவர் அதைப் பதற்றம் என்று தாமாகவே முடிவுகட்டாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற வாக்கியம் விடுபட்டிருக்கிறது, அதைச் சேர்த்துவிடு. 'இப்போதே சிகிச்சை பெறாவிட்டால் வாழ்க்கையே முடங்கிவிடும்' என்ற கடைசி வரியை எடுத்துவிடு. ஏற்கெனவே பயந்திருப்பவரை மேலும் பயமுறுத்தி வரவழைப்பது உன் தொழிலுக்கே எதிரானது. கட்டுரையின் கீழே உன் பெயர், கல்வித் தகுதி, எழுதிய தேதி மூன்றும் இருக்கட்டும். உடல்நலம் தொடர்பான பக்கங்களை கூகுள் கூடுதல் கண்டிப்போடு மதிப்பிடுகிறது. 2022 டிசம்பரில் அதன் மதிப்பீட்டு வழிகாட்டுதலில் எழுதுபவரின் நேரடி அனுபவமும் ஓர் அளவுகோலாகச் சேர்ந்தது.

மூன்றாவது கட்டுரைதான் என்னைத் தூங்கவிடவில்லை. உன்னிடம் வரும் ஒரு பெண்ணின் கதையைப் பெயரை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறாய். அவர் பார்க்கும் வேலை, பிள்ளைகளின் வயது, கணவர் பிரிந்த சூழல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு கட்டுரையை நானே திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். அதில் வந்த பெண்ணை அவருடைய நாத்தனார் அடையாளம் கண்டுகொண்டார். அதன் பிறகு அந்தப் பெண் எந்த ஆலோசகரிடமும் போகவில்லை என்று பின்னர் தெரியவந்தது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். எனக்கும் அப்போது அது மனத்தைத் தொடும் கட்டுரையாகவே பட்டது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்ட் 1900இல் தம்மிடம் வந்த ஓர் இளம்பெண்ணின் வரலாற்றை 'டோரா' என்று பெயர் மாற்றி, எழுதி முடித்தபின் நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 1905இல் துறைசார்ந்தவர்கள் மட்டுமே படிக்கும் இதழில் வெளியிட்டார். அவ்வளவு கவனத்துக்குப் பின்னும் இன்று அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர் புத்தகங்களில் இருக்கிறது.

அவரிடம் சம்மதம் வாங்கிவிட்டேன் என்று நீ சொல்லக்கூடும். உன்னை நம்பிச் சாய்ந்திருக்கும் ஒருவரால் உன்னிடம் மறுத்துப் பேச முடியுமா என்று யோசித்துப் பார். சிகிச்சையில் இருப்பவர்களிடம் பாராட்டுரை கேட்டு வாங்கக் கூடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை சொல்வதற்கும் இதுவே காரணம். மேலும், அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற முறையை நீ விவரித்திருக்கிறாய். அதை விவரிக்கக் கூடாது, உதவி கிடைக்கும் இடத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு அறிவுறுத்துவது உனக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டு தேவையென்றால் பலரிடம் பொதுவாகக் காண்பதைச் சேர்த்துக் கற்பனையாக ஒருவரை உருவாக்கி, அது கற்பனை என்பதை வெளிப்படையாகவே எழுதிவிடு.

ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் 'இன்றே முன்பதிவு செய்யுங்கள்' என்று போட்டிருக்கிறாய். அதற்குப் பதிலாக, முதல் சந்திப்பு எவ்வளவு நேரம் நடக்கும், கட்டணம் எவ்வளவு, பேசுவது எந்த அளவுக்கு ரகசியமாக இருக்கும், உயிருக்கு ஆபத்து என்னும்போது மட்டும் ஏன் அதை மீற நேரிடும் என்று நான்கு வரிகள் எழுது. வாரம் ஒன்று எழுத முயன்று களைத்துப்போகாமல் மாதம் ஒன்று எழுதினால் போதும்.

மூன்றாவதை வெளியிடாதே, கோப்பையும் அழித்துவிடு. இரண்டாவதைத் திருத்தி முதலில் அனுப்பு, வந்த அன்றே படித்துவிடுகிறேன். முதலாவதை அவசரமின்றி அந்தக் குறிப்பேட்டில் பத்துக் கேள்விகள் சேர்ந்த பிறகு புதிதாக எழுது.

அன்புடன்,
அம்மா