கோவைப் பகுதித் தொழிற்கூட உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: அலுவலக மேசைக்கும் லீன் வர வேண்டும்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் பம்பு, மோட்டார், வால்வு, வாகன உதிரிபாகம் ஆகியவற்றைச் செய்யும் சிறு, நடுத்தரக் கூடங்களை நடத்தும் உங்களுக்கு, இத்தகைய கூடங்களின் திட்டமிடல், பர்ச்சேஸ் பிரிவுகளில் நெடுங்காலமாக வேலை செய்துவருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். உங்களில் பலர் ஷாப் ஃப்ளோரில் லீன் முறையை, அதாவது டொயோட்டாவில் உருவான, வீணைக் குறைத்து வேலை செய்யும் முறையைக் கொண்டுவந்துவிட்டீர்கள். தரையில் மஞ்சள் கோடுகள் இருக்கின்றன, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பலகையில் இடம் இருக்கிறது, முன்பு அரை ஷிப்ட் பிடித்த செட்டிங் இப்போது விரைவாக முடிகிறது. இதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நான் அருகிலிருந்து பார்த்தவன். ஆனால் அந்த ஷாப் ஃப்ளோரிலிருந்து ஒரு கதவைத் தாண்டி அலுவலகத்துக்குள் வந்தால், கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், இன்வர்டு (வந்த பொருளைப் பதிவது), பில் பாஸிங் (பில்லைச் சரிபார்த்துப் பணம் கொடுக்க ஒப்புதல் தருவது) ஆகிய எல்லாம் இருபது ஆண்டுகளுக்கு முன் எப்படி நடந்தனவோ அப்படியேதான் நடக்கின்றன. பேப்பர் இருந்த இடத்தில் எக்ஸெல் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கொட்டேஷன் போகும் வழியை மட்டும் பாருங்கள். வாடிக்கையாளரிடமிருந்து டிராயிங்குடன் மின்னஞ்சல் வருகிறது. மார்க்கெட்டிங்கில் இருப்பவர் அதைப் பிரிண்ட் எடுத்து, காஸ்டிங்கின் (வார்ப்பின்) எடை கணக்கிட டிசைனுக்கு அனுப்புகிறார். அங்கிருந்து மெஷினிங் நேரம் போட, செய்முறை வகுக்கும் மெத்தட்ஸ் பிரிவுக்கும், மெட்டீரியல் விலை கேட்கப் பர்ச்சேஸுக்கும், பிறகு அடக்கவிலைக் கணக்குப் போடக் கணக்குப் பிரிவுக்கும் சென்று, கடைசியில் கையெழுத்துக்காக உங்கள் மேசைக்கு வருகிறது. இத்தனை பேரும் அந்தத் தாளில் உண்மையிலேயே வேலை செய்த நேரத்தைக் கூட்டினால், சாதாரணப் பாகத்துக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. ஆனால் விலை வெளியே போவதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகிறது. இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தத் தாள் யாரோ ஒருவருடைய ட்ரேயிலோ, திறக்கப்படாத மின்னஞ்சலிலோ காத்துக்கிடக்கிறது. டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய பொறியாளர் டாய்ச்சி ஓனோ வகுத்த ஏழு வகை வீண்களில் காத்திருப்பும் ஒன்று. நம் அலுவலகங்களைப் பொறுத்தவரை அதுவே முதலாவது என்பது என் உறுதியான கருத்து.

மெஷினுக்கு முன்னால் காஸ்டிங் குவிந்தால் நடக்க வழி இருக்காது, அன்றைக்கே யாராவது கேட்டுவிடுவார்கள். மேசைக்கு முன்னால் வேலை குவிந்தால் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதிலும் கணினிக்குள் குவிந்தால், அந்த மேசையில் இருப்பவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. அவரும் நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருப்பார் என்பதால், அவரைக் குறை சொல்வதற்கும் இடமில்லை. இந்த இடத்தில் நீங்கள் வழக்கமாக எடுக்கும் முடிவு, இன்னொரு ஆளைப் போடுவது அல்லது இருப்பவரை விரைவுபடுத்தச் சொல்வது. இரண்டாலும் பெரிய மாற்றம் வராது. ஜான் லிட்டில் என்ற அறிஞர் 1961இல் கணித முறையில் நிறுவிய விதி ஒன்று இதை எளிமையாகச் சொல்கிறது: நாளொன்றுக்குச் சராசரியாக 10 கொட்டேஷன் முடிகிற பிரிவில் 60 கொட்டேஷன் நிலுவையில் இருந்தால், ஒவ்வொன்றும் சராசரியாக 6 நாள் காத்தே தீரும். ஆகவே, எத்தனை தாள்களை ஒரே நேரத்தில் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதைக் குறைப்பதே முதல் வேலை. எடுத்ததை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பது, முழு விவரம் இல்லாத விசாரணையை உள்ளே விடாமல் வாசலிலேயே கேட்டு வாங்குவது, நாம் எந்நாளும் செய்யாத பாகத்துக்கு அன்றைக்கே பணிவாக மறுத்துப் பதில் எழுதுவது ஆகிய மூன்றையும் செய்தாலே நிலுவை கணிசமாக இறங்கும்.

பில் பாஸிங்கில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அங்கே நம் தாமதத்தின் சுமையைச் சுமப்பவர்கள் நம்மைவிடச் சிறியவர்கள். ஃபவுண்டரியிலிருந்து (வார்ப்பாலையிலிருந்து) காஸ்டிங்கைக் கிலோ கணக்கில் வாங்குகிறோம். பர்ச்சேஸ் ஆர்டரும் இன்வாய்ஸும் கிலோவில் இருக்கின்றன. ஸ்டோர்ஸில் இறக்குபவர் எண்ணிக்கையில் எண்ணி ஜி.ஆர்.என். (பொருள் வரவுச் சீட்டு) போடுகிறார், ஏனென்றால் மெஷின் ஷாப் அவரிடம் எண்ணிக்கையில்தான் கேட்கிறது. கணக்குப் பிரிவில் இரண்டும் பொருந்தவில்லை என்று பில் ஒதுக்கி வைக்கப்படுகிறது. பிறகு ஃபவுண்டரிக்காரர் போன் செய்கிறார், ஸ்டோர்ஸ்காரர் பழைய சலானைத் தேடுகிறார், ஒருவர் வெயிட் ஸ்லிப்பைக் கண்டுபிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், பில் பாஸாகிறது. அடுத்த லோடுக்கு இதே கதை மறுபடியும் நடக்கிறது. இறக்கும் இடத்திலேயே எடையையும் எண்ணிக்கையையும் ஒரே ஜி.ஆர்.என்.னில் இரண்டு கட்டங்களில் எழுதும்படி படிவத்தை மாற்றினால் தீர்ந்துவிடும் இச்சிக்கல், பல கூடங்களில் ஆண்டுக்கணக்காகத் தீராமல் இருப்பதற்குக் காரணம், ஸ்டோர்ஸ்காரரும் கணக்கரும் அதைப் பற்றி ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதே இல்லை என்பதுதான்.

இதற்குச் சட்டத்தின் பக்கமும் உண்டு. 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய பொருளுக்கு, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். பொருள் வந்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபணை தெரிவிக்காவிட்டால், வந்த நாளிலிருந்தே கணக்குத் தொடங்கிவிடுகிறது, நம் ஜி.ஆர்.என். என்றைக்குப் போடப்பட்டது என்பதைச் சட்டம் கேட்பதில்லை. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியுடன் கொடுக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்தால், அந்தக் கெடு தாண்டிய பாக்கியைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்றும் ஆகிவிட்டது. இத்தனையையும் ஆடிட்டர் மார்ச் மாதத்தில் நினைவூட்டுகிறார். ஸ்டோர்ஸில் இருக்கும் படிவத்தை ஜூன் மாதத்திலேயே திருத்தியிருந்தால் அந்த நினைவூட்டலுக்கே தேவை வந்திருக்காது.

உங்கள் கையெழுத்தைப் பற்றியும் மனம் திறந்து சொல்ல அனுமதி வேண்டுகிறேன். சில நூறு ரூபாய் மதிப்புள்ள இன்சர்ட்டுக்கும் (மெஷினில் மாட்டும் வெட்டுமுனைக்கும்), பல லட்ச ரூபாய் மெஷினுக்கும் ஒரே கையெழுத்து தேவைப்படும் கூடங்கள் நம்மிடையே நிறைய உள்ளன. நீங்கள் இரண்டு நாள் சென்னைக்குப் போனால் இரண்டும் சேர்ந்தே காத்திருக்கின்றன. பணத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துத்தான் இந்தக் கூடத்தை நீங்கள் வளர்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கவனம் பெரிய தொகைகளில் இருக்கட்டும், சிறிய தொகைக்கு ஒரு வரம்பு வைத்து அந்தந்தப் பிரிவுத் தலைவரிடம் ஒப்படையுங்கள், மாதக் கடைசியில் பட்டியலைப் பாருங்கள்.

டிராயிங் ரெவிஷன் (திருத்தப் பதிப்பு) மாறும்போது நடக்கும் இழப்பு உங்கள் அனைவருக்கும் தெரிந்ததே. புதிய டிராயிங் வாட்ஸ்அப்பில் வந்து, ஒருவர் பார்த்து, மெஷினில் ஒட்டியிருக்கும் பழைய பிரிண்ட் அப்படியே இருந்துவிட்டால், ஒரு ஷிப்ட் முழுக்க ஓடியது ஸ்கிராப்புக்குப் போகிறது. பிழை தெரிந்த கணத்தில் வேலை நிற்க வேண்டும் என்ற எண்ணம் டொயோட்டாவின் கார் தொழிற்சாலைக்கும் முந்தியது. டொயோட்டா குழுமத்தைத் தொடங்கிய சாகிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறியில், நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். பஞ்சாலைகளால் வளர்ந்த இந்த ஊருக்கு அதன் பயனை விளக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் அதற்கு ஈடானது, டிராயிங் எண்ணும் ரெவிஷனும் ஆர்டருடன் பொருந்தவில்லை என்று கண்ட கிளார்க், எவரிடமும் கேட்காமல் அந்த ஜாப் கார்டை (மெஷினுக்குப் போகும் வேலைச் சீட்டை) நிறுத்தி வைக்கும் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக அவர் ஒருமுறை திட்டு வாங்கினால், பிறகு எவரும் எதையும் நிறுத்த மாட்டார்கள்.

வெளியிலிருந்து உதவி வேண்டுமானால், மத்திய அரசு 2023இல் புதுப்பித்த லீன் திட்டம் மூன்று நிலைகளில் இருக்கிறது. ஆலோசகருக்கான செலவில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஆலோசகர் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு கொட்டேஷனை எடுத்து, அது கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு அதனுடன் தொடர்புடைய எல்லோரையும் உட்கார வைத்து அதைப் படியுங்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருக்க வேண்டும், ஆனால் கடைசியாகப் பேச வேண்டும்.

அக்கூட்டத்துக்கு முன்பே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லீன் என்றதும் அலுவலகத்தில் இருப்பவர்களின் மனத்தில் முதலில் எழும் கேள்வி, வேலை போய்விடுமா என்பதே. அந்த அச்சம் இருக்கும்வரை தன் மேசையில் எது வீண் என்று எவரும் வாய்திறக்க மாட்டார்கள். 1950இல் டொயோட்டா கடும் பணநெருக்கடியில் ஆட்குறைப்பு செய்ய நேர்ந்து, நீண்ட வேலைநிறுத்தமும் நடந்து, சாகிச்சியின் மகன் கீச்சிரோ டொயோடா அதற்குப் பொறுப்பேற்றுத் தலைவர் பதவியைத் துறந்தார். தொழிலாளரும் நிர்வாகமும் ஒருவரையொருவர் நம்பிச் செயல்படுவதாக 1962இல் கூட்டறிக்கை வெளியிட்டனர். நாம் வியக்கும் அந்த முறை அந்த நம்பிக்கையின் மேல்தான் வளர்ந்தது. எனவே, இம்முயற்சியால் எவருடைய வேலையும் போகாது, மிச்சமாகும் நேரம் வாடிக்கையாளரைத் தொடர்ந்து கவனிக்கவும் புதிய வேலை பழகவும் பயன்படும் என்று எழுதிக் கையெழுத்திட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

முதலில் எதைத் தொடுவது என்று கேட்டால், பில் பாஸிங்கைத் தொடுங்கள் என்பேன். நமக்கு ஜாப் ஆர்டர் செய்து தரும் லேத் பட்டறைகளில் பல இன்றும் சனிக்கிழமை தோறும் வாரக் கூலி கொடுக்கின்றன. அந்தச் சனிக்கிழமைக்கு முன் அவர்களுடைய பில் நம் ட்ரேயை விட்டு வெளியே வருமாறு வரும் மாதத்திலேயே ஏற்பாடு செய்யும்படி உங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் கூடங்களில் ஒன்றில் பணிபுரியும் திட்டமிடல் பிரிவு ஊழியன்