அரிசி நோட்டில் அடித்த ஒரு பெயர்

குமரி மாவட்டத்தில் டிரஸ்ட், சங்கம், அன்பியம் என்று ஏதோ ஒரு பெயரில் உதவி செய்துவரும் எல்லோருக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். தக்கலைப் பக்கம் ஒரு டிரஸ்டில் மாதா மாதம் அரிசி, மளிகை கொடுக்கும் வேலை. போன வருஷம் ஒரு அம்மா நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மக்களே, அடுத்த மாசம் என் பேர வெட்டிரு. இனி எனக்கு வேண்டாம்" என்றார். மகனுக்கு வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டேன். பை நன்றாகத் தெரியவில்லை என்று அன்று அவரை இரண்டு தடவை நிற்கவைத்துப் போட்டோவும் எடுத்தோம்.

நான்கு நாள் கழித்து, பக்கத்து வீட்டுக்காரர் மோர் கேட்டு உள்ளே போனதால்தான் அவர் இன்று உயிரோடு இருக்கிறார்.

டிரஸ்டில் இதைப் பேசியபோது, "நாம என்ன டாக்டரா?" என்றார்கள். இல்லைதான். சிகிச்சை நம் வேலையில்லை. ஆனால் ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர், சின்னத்துறை வீடுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், டாக்டர் நுழையாத அடுக்களை வரைக்கும் நம்மை விடுகிறார்கள். அப்படிப் போய்விட்டு, காதில் விழுந்ததை விழாத மாதிரி இருக்க முடியாது.

"ஏன்மா, சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். அப்படி ஆவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பேச்சும் பழையது. 2017 மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவும் இல்லை.

ஆமாம் என்றால்? தனியே விடக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. உங்கள் போனிலேயே போட்டு அவர் கையில் கொடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 108. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொல்லாமல் கூடவே போங்கள். அப்புறம் மறுநாளும் போய் எட்டிப் பாருங்கள், பை இல்லாமல்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்று அவர் சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள். உயிரைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுங்கள். அதற்காகக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுவதும் துரோகம்தான்.

பொறுப்பாளர்களுக்கு ஒன்று. இதைக் கல்லூரிப் பையன் ஒருவன் தலையில் கட்டாதீர்கள். இரவு பதினோரு மணிக்கு அவன் போன் அடித்தால் எடுக்க உங்களில் ஒருவர் இருக்க வேண்டும். யார் அது என்று இன்றே முடிவு செய்யுங்கள். எங்கள் டிரஸ்டில் இன்னும் முடிவாகவில்லை.

அந்த அம்மாவின் பெயரை மறுபடி எழுதியிருக்கிறேன், கடைசி வரியில். அடுத்த கூட்டத்துக்கு நோட்டோடு வருகிறேன்.

இப்படிக்கு,
கோடு போட்டவன்