அலை உடையாத இடத்தில் இறங்காதீர்கள்

ஆசிரியருக்கு,

கடலில் யாராவது மூழ்கினால் 'ராட்சத அலை இழுத்துச் சென்றது' என்றே செய்தி வருகிறது. பல நேரங்களில் ஆளை இழுப்பது ரிப் கரண்ட். அதாவது, கரைக்கு வந்த தண்ணீர் குறுகலான பாதையில் கடலுக்குத் திரும்பும் ஓட்டம். இரு பக்கமும் அலைகள் நுரைத்து உடையும்போது, நடுவில் மட்டும் தண்ணீர் சற்றுக் கறுத்து, சாந்தமாகத் தெரியும்; இந்த ஓட்டத்தின் பாதையே அதுதான். அந்த இடம்தான் பாதுகாப்பு என்று நம்பிப் பிள்ளைகளை இறக்கிவிடுகிறார்கள், அதுதான் கொடுமை.

இந்த ஓட்டத்தின் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டலாம். தேர்ந்த நீச்சல் வீரராலும் எதிர்க்க முடியாது. ஆனால் அது ஆளைக் கீழே அமுக்குவதில்லை. கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதால்தான் உயிர் போகிறது. சிக்கினால் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதிக்கு வந்து, அப்புறம் கரை திரும்பலாம்.

காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவது உண்டு. மிதக்கும் எதையாவது, காலி கேன் ஆனாலும் சரி, வீசிவிட்டு உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

'குளிக்கத் தடை' பலகையோடு, இந்த நீரோட்டத்தின் படத்தையும் கடற்கரைகளில் வைக்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் தங்கள் நாளிதழும் அப்படியொரு படம் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்