அதே மாத்திரைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுத்துப் பிழைக்கிறவள் நான். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். பேரனுக்கு இன்றோடு நாற்பது நாள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள் தீவுப் பக்கம் போவோம். மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்த்தெடுக்கும் வேலை. கரையேறினால் இடுப்பும் தோளும் கழன்று விழுவதுபோல் இருக்கும். கடையில் வலி என்று சொன்னால் போதும், அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள். சுருக்குப்பையில் வெற்றிலை இருக்கிறதோ இல்லையோ, அந்த மாத்திரை இருக்கும். ஏழாம் மாதத்தில் முதுகு வலிக்கிறது என்று மகள் அழுதபோது அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பத்து நாளுக்கு மேல்.

ஸ்கேனில் பனிக்குட நீர் குறைவு என்றார்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து வேறென்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். காய்ச்சல் மாத்திரைதான் என்றேன். கத்தரித்த துண்டில் பெயர் பாதியாக நின்றது. அவரே கடைக்குப் போய் முழு அட்டையைப் பார்த்தார். காய்ச்சலுக்கான பாரசிட்டமாலோடு ஐபுபுரூஃபன் என்ற வலி மருந்தும் சேர்ந்த மாத்திரை! வயிற்றுப் பிள்ளை பெய்யும் சிறுநீர்தான் பெரும்பாலும் பனிக்குட நீராம். 20 வாரத்துக்குப் பிறகு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் அந்தப் பிள்ளையின் சிறுநீரகத்தையே மந்தமாக்கிவிடக்கூடுமாம். இதனால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் உடனே நிறுத்துங்கள் என்றார் டாக்டர். நிறுத்தினோம். இரண்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் நீர் கூடியிருந்தது. எனக்கு அப்போதுதான் சோறு இறங்கியது.

அடுத்த கூத்தையும் சொல்கிறேன். ஆபரேஷனில் பிள்ளை பிறந்தது. தையல் வலிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைப் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்தப் பெயரின் உருவம் கண்ணில் பதிந்திருந்தது. அதே ஐபுபுரூஃபன்! பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கினேன். மருமகனை ஓடவிட்டுப் பால் பவுடர் வாங்கினேன். தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது என்றான் மருமகன். அப்படி எழுதியாக வேண்டும் என்று 1992-இல் போட்ட சட்டம் சொல்கிறதாம். கேட்டுக்கொண்டேதான் சங்கில் கரைத்தேன். இரவுப் பணி நர்ஸ் தடுத்தார். வயிற்றில் இருக்கும்போது ஆகாத அந்த மருந்து பாலில் மிகச் சொற்பமாகவே கலக்கும், தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்றார். புற்றுநோய் மருந்து போன்ற சிலவற்றுக்குத்தான் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருக்குமாம். பயப்பட வேண்டிய நாளில் நான் பயப்படவில்லை. பயம் வந்தபோது பிள்ளையின் வாயிலிருந்த பாலைப் பறித்தேன்.

பால் பவுடரைக் குறை சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பால் சுரக்கவே இல்லை. டாக்டர் சொன்ன அளவில் கரைத்துக் கொடுத்து வளர்க்கிறாள், பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது. அவளைக் குத்திப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் தண்ணீரையே குடம் குடமாக விலை கொடுத்து வாங்கும் ஊர் இது. கொதிக்கவைத்த தண்ணீரும், சரியான அளவும், கழுவிய சங்கும் ஒவ்வொரு வேளையும் வேண்டும். டப்பா நாள் கூட வரட்டும் என்று பவுடரைக் குறைத்துக் கரைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண்களுக்காக வலி மாத்திரை கேட்டு யார் வந்தாலும், மாசமாக இருப்பவர்களுக்கா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெயர் தெரியும்படி கத்தரியுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் நேராக, பால் கொடுக்கலாமா கூடாதா என்று தமிழில் எழுதித் தரும்படி டாக்டர்களையும் கேட்டுக்கொள்கிறேன். வலிப்புக்கும் சர்க்கரைக்கும் மருந்து சாப்பிடும் கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டு அவற்றைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம், அது இன்னும் ஆபத்து என்று செவிலியர் சொல்லியிருக்கிறார்.

என் மகள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். “மாத்திரை கொடுத்தாயே, ஏழாம் மாதத்தில் குனிந்து பாசி உலர்த்தாதே என்று ஒரு நாளாவது சொன்னாயா?” என்கிறாள். அதையும் எழுது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் பாட்டி ஒருத்தி,
சின்னப்பாலம், பாம்பன்.