அறிவியல் வாசகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கொசுவின் மரபணுத் தொகுதிக்குள் இடம் மாறித் திரியும் டிஎன்ஏ துண்டுகளையே இவ்வாண்டின் வாசிப்புப் பொருளாகச் செயற்குழு தெரிவு செய்திருந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டியின் மரபணுத் தொகுதி 2007இல் வெளியானபோது, ஏறத்தாழ 138 கோடி எழுத்துகள் (டிஎன்ஏவின் வேதி அலகுகள்) கொண்ட அதில் பாதிக்குச் சற்றே குறைந்த பகுதி இத்தகைய தாவும் கூறுகள் என்று தெரியவந்தது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் காம்பியேயின் தொகுதி 28 கோடி எழுத்துகளைக்கூட எட்டவில்லை.

கூட்டங்களில் மிகுதியாகப் பேசப்பட்டது, வீட்டு ஈயில் கண்டறியப்பட்ட ஹெர்மீஸ் என்னும் கூறுதான். அதற்குரிய நொதி ஹெர்மீஸை வெட்டி எடுக்கையில், பின்னே விடப்படும் டிஎன்ஏ முனைகள் கொண்டை ஊசிபோல் மடிந்து மூடிக்கொள்கின்றன. புதிய இடத்தின் இரு இழைகளையும் எட்டு எழுத்து இடைவெளியில் வெட்டி அது நுழைவதால், அந்த இடைவெளி நிரப்பப்பட்ட பின் ஹெர்மீஸின் இருபுறமும் அதே எட்டு எழுத்துகள் இரட்டித்து நிற்கின்றன. அது முறைப்படி நுழைந்ததற்கு இதுவே அடையாளம்.

1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள், வெள்ளைக் கண் கொண்ட ஏடிஸ் வகையின் இளம் முட்டைகளில், இனப்பெருக்க உயிரணுக்கள் உருவாகவிருக்கும் பின்முனையில் ஊசி செலுத்தி, பழ ஈயின் கண்ணிற மரபணுவை ஹெர்மீஸின் வழியே புகுத்தி, நிறமுள்ள கண்களோடு சந்ததியைப் பெற்றனர். ஆயினும் அக்கொசுக்களின் டிஎன்ஏவை ஆராய்ந்தபோது, ஹெர்மீஸ் மட்டுமன்றி, அதைச் சுமந்துவந்த பிளாஸ்மிட் என்னும் வட்ட வடிவ டிஎன்ஏவின் பகுதிகளும் குரோமோசோமில் சேர்ந்திருந்தன. உடல் உயிரணுக்களில் ஒழுங்காக வெட்டி ஒட்டிக்கொள்ளும் கூறு, அடுத்த தலைமுறைக்குச் செல்லும் உயிரணுக்களில் வேறு விதமாக நடந்துகொண்டது. செய்தித்தாள்களில் "மரபணுவைப் பொருத்தினர்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும் வேலைக்குள் இவ்வளவு சிக்கல் இருப்பதை உறுப்பினர்கள் அறிந்ததையே இவ்வாண்டின் பயனாக நான் கருதுகிறேன். நோய்த் தடுப்பு மரபணுவைத் தாவும் கூறுகளே கொசுக்கூட்டம் முழுவதும் பரப்பிவிடும் என்று எண்ணியவர்களுக்கு, அக்கூறுகள் ஒவ்வோர் இனத்திலும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே முதல் தடையாயிற்று.

சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகும் அனோபிலஸ் ஸ்டீபன்சியில், மினோஸ் என்னும் மற்றொரு கூறு 2000ஆம் ஆண்டில் நிலையாகப் புகுத்தப்பட்டதும் ஓர் அமர்வில் விளக்கப்பட்டது.

தாவும் கூறுகளைக் கொசு தன் குறு ஆர்என்ஏக்களால் (டிஎன்ஏவை ஒத்த சிறு மூலக்கூறுகளால்) அடக்கிவைக்கும் விதத்தை வரும் ஆண்டில் படிக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்